சித்திரையில் போட்ட உப்பு

எங்கள் நைனாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே இடங்கள்தான் பிடிக்கும். ஒன்று திருமலை, மற்றொன்று கம்பெனி பஸ்ஸின் டிரைவர் சீட். புத்தலப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த மனிதர், லாரியில் கிளீனராக ஏறி டிரைவரானார். தடா பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிய காலத்தில், எங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அள்ளிக்கொண்டு திருப்பதிக்குக் குடிவந்தார். வழியிலுள்ள ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு தடாவுக்குப் போவது அவர் வேலை. இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவார். தாமதமாக ஓடிவரும் பெண்ணைத் திட்டித் தீர்ப்பார். ஆனால் அவள் ஏறும்வரை பஸ்ஸை நகர்த்த மாட்டார்.

அந்தச் சீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. கம்பெனியில் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். நைனாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்த டாக்டர், மறுபடி பார்த்தார். ரத்த அழுத்தம் நூற்று எழுபது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இறங்கவில்லை என்றால் பஸ் ஓட்ட அனுமதி இல்லை, ஷெட்டில் டயர் எண்ணும் வேலைதான்.

வீட்டுக்கு வந்த நைனா சட்டையைக் கழற்றவே இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எனுக்கு தலைவலி கெடியாது, மயக்கம் கெடியாது. நல்லாதான துன்னுகினு, நல்லாதான தூங்கிகினு கீறன்? இது எங்கருந்து வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

என்னைக் கேட்டதில் நியாயம் இருந்தது. திருப்பதியில் ஒரு ஆய்வகத்தில் நான் சிறுநீரகச் செல்களோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். கிட்னியின் நுண்குழாய்களிலிருந்து எடுத்த செல்களைக் குப்பியில் வளர்த்து, வேளாவேளைக்குத் தீனி போட்டு, பிறகு அவற்றைப் படாதபாடு படுத்துவது என் வேலை. உப்பைக் கூட்டுவேன், வேறு மருந்துகள் சேர்ப்பேன், அவை எப்படித் திண்டாடுகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன்.

நைனாவுக்குப் புரியும்படி நான் சொன்னது இதுதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் துணி மடிக்கிற இடம் மாதிரி ஒன்று இருக்கிறது. புரதங்களை அங்கேதான் ஒழுங்காக மடித்து அனுப்ப வேண்டும். அளவுக்கு மீறி வேலை வந்து விழுந்தால் மடிப்பு தப்பிப்போகிறது, தப்பானது குவிகிறது. செல் திணறுகிறது. திணறுகிற செல் சும்மா இருப்பதில்லை, ஆபத்து ஆபத்து என்று சுற்றியிருப்பவற்றுக்கெல்லாம் சேதி அனுப்புகிறது. அந்தக் குழப்பத்தில் கிட்னி, வெளியே தள்ள வேண்டிய உப்பை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு தண்ணீரையும் பிடித்து வைக்கும். ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் திரும்ப வந்து அதே கிட்னியைத்தான் அடிக்கும். எது முதலில் ஆரம்பித்தது என்று எங்கள் ஆய்வகத்திலேயே சண்டை நடக்கும்.

நைனா கவனமாகக் கேட்டார். "அப்போ உள்ளாற அதுங்களுக்கும் ஓவர் டூட்டி" என்றார். நான் எழுதிய எந்தக் கட்டுரையும் அவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

மறுநாளே அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டு ஒரு வேண்டுதல் வைத்தார். இனிமேல் சனிக்கிழமை தோறும் உப்பில்லாச் சாப்பாடு. பெருமாளுக்கும் ஆகும், டாக்டருக்கும் ஆகும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாத்திரையைத் தவறாமல் போட்டார். மற்ற நாட்களில் அம்மா உப்பைப் பாதியாகக் குறைத்தாள். நான் ஒரு பிபி மெஷின் வாங்கிவந்தேன். காலையிலும் மாலையிலும் அம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி, பித்தானை அழுத்தி, வந்த எண்ணை என் பழைய கல்லூரி நோட்டில் எழுதுவாள். ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பு என்றாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

எண் இறங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சொல்லிவைத்த மாதிரி ஏறிக்கொண்டது. உப்பே தொடாத நாளுக்கு மறுநாள் இப்படி ஏறினால் என்ன அர்த்தம்? இரண்டு மாதம் ஓடிவிட்டது. நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். மெஷினைச் சந்தேகப்பட்டேன், மாத்திரையைச் சந்தேகப்பட்டேன், நைனா ஒளித்து வைத்து எதையாவது தின்கிறாரா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். சனிக்கிழமையும் ஆய்வகம் உண்டு என்பதால் அன்று மதியம் நான் வீட்டில் இருந்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தில் மின்சாரக் கோளாறு. மதியமே வீட்டுக்கு வந்தேன். நைனா இலை போட்டு உட்கார்ந்திருந்தார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத கீரை. அதைச் சுற்றி நான்கு அப்பளம், ஒரு பிடி மோர்மிளகாய், வறுத்த வடகம், எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் ஊறுகாய் ஒரு பெரிய கரண்டி. நடுவில் விரதம், சுற்றிலும் உப்பளம்.

"அம்மா, இது இன்னா?"

"இன்னா இன்னா? ஒண்ணுத்திலியும் உப்பு போடல."

"ஊறுகாயில?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது இன்னிக்கி போட்ட உப்பாடி? சித்திரையில போட்டது. விரதத்துக்கு அது கணக்கில்ல."

"வெறும் சோறு எறங்கலம்மா. அதான் ரெண்டு கூட வச்சிகினு துன்றன்" என்றார் நைனா, வாயில் மோர்மிளகாயோடு.

எனக்கு வந்த கோபத்தில் பாதி சிரிப்பு. ஆய்வகத்தில் மில்லிகிராம் மில்லிகிராமாக நிறுத்து உப்புப் போடுகிற நான், வீட்டில் வாரத்திலேயே உப்பு அதிகமான நாள் இந்த உப்பில்லாத சனிக்கிழமைதான் என்பதை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கிறேன். விளங்கும்.

"நைனா, பெருமாள் மன்னிப்பாரு. கிட்னிக்கு காலண்டர் பாக்கத் தெரியாது. சித்திரையில போட்ட உப்பும் அதுக்கு இன்னிக்கி வந்த உப்புதான்" என்று கத்தினேன்.

நைனா வாயில் இருந்ததை மென்று முடித்தார். கையிலிருந்த அப்பளத்தைப் பார்த்தார். பிறகு அதை இலையின் ஓரமாக வைத்தார். அந்தச் சீட்டை நினைத்துக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறி, ஊறுகாய் ஜாடியைப் பரணில் வைத்துவிட்டு, "உங்க செல்லுங்களுக்கு சந்தோசமா?" என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எலுமிச்சம்பழம் பிழிந்த பருப்பு, மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட கீரை. நைனா முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை எண் ஏறவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் ஏறவில்லை.

முகாம் நாளில் அதே டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் "பாகுந்தி" என்றாராம். மாத்திரையை நிறுத்தக்கூடாது, மற்றபடி தாராளமாக ஓட்டலாம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்த பெண்கள் கைதட்டினார்கள் என்று நைனா பத்து முறையாவது சொல்லியிருப்பார். அம்மா கேசரி கிளறினாள். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு நாள், காலையும் மாலையும், ஒரு வேளை விடாமல் அம்மாவின் கையெழுத்து.

மெஷின் பக்கத்திலேயே கிடந்தது. வேடிக்கையாகத்தான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பட்டையைச் சுற்றினேன். கையில் கேசரிக் கரண்டி இருந்ததால் இடது கையைக் கொடுத்தாள். மெஷின் உறுமி நின்றது. நூற்றுத் தொண்ணூறு. உட்காரவைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி பார்த்தேன். குறையவில்லை. நைனாவுக்கு ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை.

இத்தனை வருஷமும் அதே சமையலைக் கடைசியில் உட்கார்ந்து, ஊறுகாய்த் தட்டை வழித்துச் சாப்பிட்டவள். தினம் இரண்டு வேளை அந்தப் பட்டையைக் கையில் எடுத்தவள். எனக்கும் தோன்றவில்லை, நைனாவுக்கும் தோன்றவில்லை, இத்தனை செல்களைப் பார்த்த என் மைக்ராஸ்கோப்புக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"நீ ஏம்மா ஒரு தடவகூட பாத்துக்கல?" என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த பட்டையைக் கழற்றி, வழக்கம்போல ஒழுங்காகச் சுருட்டி வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நான் எந்த பஸ்ஸ ஓட்டணும்?"