கிழிந்துபோன கடித ஓரம்

மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தால் கோடை விடுமுறையில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இராது. தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், ஈரோட்டிலிருந்து என் நாத்தனார் கோமதியின் இன்லண்ட் லெட்டர் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே எரிச்சல் வந்து, ஓரத்தை வெடுக்கென்று கிழித்துக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுத்தான் படித்தேன்.

"சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம். பஸ் இறங்கியதும் நேராகக் குக்கரஹள்ளி ஏரிக்கரை. மறுநாள் சாமுண்டி மலைக்குப் படியேறுவோம். மூன்று நாளும் நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு!"

சனிக்கிழமை என்றால் நாளைக்கே! யாருக்கு ஓய்வு? சாப்பாடு என்ன, ஏரிக்கரை மரத்திலா காய்க்கிறது? கணவரிடம் கத்தித் தீர்த்தேன். அவர் "ஹோகலி, விடு" என்று பாதிக் கன்னடத்தில் சமாதானம் சொன்னார். விடியுமுன் எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே எட்டுப் பேருக்குப் புளியோதரை கிளறினேன்.

ஏரிக்கரையில் தூக்குச்சட்டியை நங்கென்று வைத்தேன். கோமதி திகைத்துப்போய்த் தன் பையைத் திறந்தாள். உள்ளே பெரிய டப்பா நிறையப் புளியோதரை, வடகம், எலுமிச்சை ஊறுகாய்.

"ஏனுங் அண்ணி, நீங்க எதுக்குச் சமைச்சீங்க? லெட்டர் ஓரத்துல எழுதியிருந்தனே, பாக்கலீங்களா?"

"பார்த்தேன் கோமதி, மனசு கேக்கல" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் குப்பைக்கூடையைக் கிளறினேன். கிழிந்த ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தாள்: "அண்ணி, நீங்கள் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. இந்த மூன்று நாளும் உங்களுக்காகத்தான்."

அந்தப் பொய்யை இன்றுவரை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. கடிதங்களை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரிக்கிறேன்.