மைமூன் போடாத கையெழுத்து

கையெழுத்துப் போட மாட்டேன் என்று மைமூன் சொன்னதும் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டுமே! ஜாலான் புசார் தெருவில் இருந்த அந்த மாடி வீடு, அவள் கழுத்திலும் கையிலும் கிடந்ததை விற்று அவள் பெயரிலேயே வாங்கியது. கணவர் நூர்தீன் மவுத்தாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் வீட்டின்மேல் எல்லாருக்கும் கண்.

யோசனை நூர்தீனின் அண்ணன் ஹனீபாவுடையது. சொந்தக்காரர்களின் வீடுகளையெல்லாம் ஒரே கூட்டுக் கம்பெனியில் சேர்ப்பது, பத்திரத்தை மரியாதைக்கு மூத்தவரான தன் பெயரில் எழுதுவது, வாடகை ஒரே கல்லாவில் விழுவது. நாகூரிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் மூத்தவர் சொல்வதுதான் நடைமுறை. மறுத்துப் பேசியவர் யாருமில்லை.

"கூட்டா இருந்தா ஒரு கவலையும் இல்ல, புள்ள," என்றார் ஹனீபா.

"நீங்க வாங்குற கடனுக்கு என் வீடும் பதில் சொல்லணுமா, பெரிய மச்சான்?"

"கடனே வராதுங்குறேன்."

"அப்ப என் வீடு எதுக்கு?"

ஹனீபா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து கல்யாணம் காட்சிக்கு மைமூனுக்கு அழைப்பு நின்றுபோனது. அவளுக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காக வீட்டைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

வாடகைக்கு ஏற்ப வீட்டு வரி போட முனிசிபல் ஆள் வந்தார். கம்பெனி வீடுகளில் எல்லாம் பாதி வாடகையைச் சொல்லி வரியைக் குறைத்துக்கொண்டார்கள். மைமூன் மட்டும் கீழ்க்கடைத் தையற்காரர் சுந்தரம் தரும் பதினெட்டு வெள்ளி வாடகையை அப்படியே சொன்னாள். வரி ஏறியது. பிழைக்கத் தெரியாதவள் என்று ஊரே சிரித்தது.

"என் பேர்ல போடுங்க. நானே வந்து கட்டுறேன்," என்றாள் அவள் முனிசிபல் ஆளிடம். சொன்னபடி தவணை தவறாமல் முக்காடு போட்டுக்கொண்டு முனிசிபல் அலுவலகத்துக்கு நடந்தாள்.

ஹனீபா கம்பெனி பெயரில் கடன் வாங்கி ரப்பரில் போட்டார். ரப்பர் விலை சரிந்தது. கூட்டில் ஒருவர் பட்ட கடன் எல்லார் தலையிலும் விடிந்தது. கோர்ட்டு ஆட்கள் வீடு வீடாகப் பூட்டுப் போட்டுக்கொண்டே வந்து மைமூன் வாசலிலும் நின்றார்கள். இதுவும் கம்பெனி வீடுதான் என்று கடன்காரரிடம் ஹனீபா அளந்திருந்தாராம். என்ன நெஞ்சழுத்தம்!

"பூட்டைக் கையில வச்சிக்கிட்டு ஏன் நிக்கிறீங்க? பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. வரி யார் கட்டுறாங்கன்னு முனிசிபல்ல கேளுங்க," என்றாள் மைமூன், வாசலை அடைத்து நின்றபடி.

"வாடகைய இந்தம்மா கையிலதான் குடுக்குறேன். வேற யாரையும் எனக்குத் தெரியாது," என்றார் சுந்தரம், தையல் மிஷினை விட்டு எழாமலே.

கேட்டுப் பார்த்தார்கள். பூட்டோடு திரும்பிப் போனார்கள்.

அந்த வாரமே ஹனீபா பெட்டி படுக்கையோடு அவள் வாசலுக்கு வந்தார். நிற்கத் தெரியாமல் நின்றார். மைமூனுக்கு இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை.

"மாடி அறை காலியா இருக்கு, பெரிய மச்சான். மாசம் ஆறு வெள்ளி. என் கையில குடுக்கணும்."

"சொந்தக்காரன்கிட்டயே வாடகையா?"

"ஆமா. அதையும் முனிசிபல்ல சொல்லி வரி கட்டுவேன்."

ஹனீபா மடியை அவிழ்த்துப் பணத்தை நீட்டினார். மைமூன் வாங்கிக்கொண்டு, ரசீதில் தன் பெயரை அரபுத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அவர் கேட்ட கையெழுத்து ஒருவழியாக அவருக்குக் கிடைத்தது.