குதிரைமலையைப் பிழையாகக் கீறிய கதை

குதிரைமலைச் செம்பாறையையும் அதன் அடியிலுள்ள மணலையும் எண்ணெய் வர்ணத்தில் கீறவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நிழற்படத்தைப் பார்த்துக் கீறினால் என் பாணி சரிவராது. வெயில் மாறுவதற்குள் நேரே பார்த்து, பொட்டுப் பொட்டாகப் பூசவேண்டும். அதனால் கடல் அடங்கியிருக்கும் பெப்ரவரியில் புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து புத்தளம் பஸ்ஸில் ஏறி, மதுரங்குளி தாண்டிப் பாலாவியில் இறங்கினேன். அங்கிருந்து கற்பிட்டிக்குச் சுமார் நாற்பது கிலோமீற்றர். கருவாட்டு மணம் வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மீனவர் பஸீர் நானா தன் படகில் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்றரை மணி நேரத்தில் பாறையைக் கண்டோம். அது வில்பத்துக் காட்டின் கரை, அனுமதியின்றி இறங்க முடியாது. நானா கதையை நிறுத்தி, கரையையே பார்த்தபடி படகை முன்னும் பின்னும் நகர்த்தி நங்கூரம் போட்டார். எனக்காக நல்ல கோணம் தேடுகிறார் என்று உச்சி குளிர்ந்துபோனேன்.

நான் பூசினேன், அவர் தூண்டில் போட்டார். விளைமீன் ஏறிக்கொண்டேயிருந்தது. இடையில் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாயத்தக் கொட்டி வெச்சிரிக்கிறீங்க? மலையக் காணல்லயே!"

எனக்குச் சுருக்கென்றது. முடித்ததும் படகின் முன்பக்கம் ஓவியத்தைச் சாய்த்து வைத்தேன். பின்பக்கம் இயந்திரத்தடியில் இருந்த நானா சிரித்தபடி நிமிர்ந்து பார்த்தார். தள்ளி நின்று பார்த்தால்தான் இந்த வகை ஓவியம் ஒன்றுசேர்ந்து வரும். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, இத ஃபேஸ்புக்கில போடுவீங்களா?"

"ஓம் நானா, வலைப்பதிவிலயும் போடுவன்."

"அப்ப என்ட கல்லு போச்சு."

பிறகுதான் விளக்கினார். எங்களுக்கு நேர் கீழே, கடலடியில், மீன் தங்கும் கல்லு இருக்கிறது. கரையில் தெரியும் ஒன்றுக்கு நேரே இன்னொன்று வரும்படி நிறுத்தினால் படகு அதன் மேல் நிற்கும். அந்த அடையாளம் வேறு ஒருவருக்கும் தெரியாது. அவருடைய வீட்டில் ஆறு பேர் சாப்பிடுவது அதில்தான். என் ஓவியத்தில் அந்த இரண்டும் அச்சொட்டாக நேருக்கு நேர் நின்றன.

"அதில ஒண்ட மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக் கீறேலாதா தம்பி?"

கண்டதைக் கண்டபடி கீறுகிறவன் என்று பீற்றித் திரிபவன் நான். அன்று ஆகச் சரியாக வந்த இடமும் அதுதான். ஆனாலும் கத்தியை எடுத்துச் சுரண்டிவிட்டு, வேறிடத்தில் பூசினேன். நானா மறுபடி இயந்திரத்தடிக்குப் போய் நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

போக விரும்புவோருக்கு: மார்ச் முடியும்வரை கடல் நல்லது. காற்று எழும்புவதற்குள் திரும்பிவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஈர ஓவியத்தைக் கொண்டுவர மூடியுள்ள பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தூறல் அதற்கு மேல் தன் படத்தைக் கீறிவிடும்.

என் ஓவியம் கீழே இருக்கிறது. அங்கே போய் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று எனக்கு எழுதவேண்டாம். எது என்று கேட்கவும் வேண்டாம். அந்தப் பிழையில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள்.