உப்புக் கடல்பாசி

நோன்புக்காக விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாடு முடிந்ததும் சித்திகா ஃபிரிட்ஜைத் திறந்து, பால் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் கண்ணாடித் தட்டிடம் நலம் விசாரிப்பாள். "என்ன, சௌக்கியமா இருக்கீகளா?" உள்ளே இருப்பவை கோடிக்கணக்கில் என்பதால் ஒருமையில் பேசுவது மரியாதை இல்லை என்பது அவள் கட்சி.

கடல்காற்றே எட்டாத சிவகாசியில் கடற்கிருமி வளர்ப்பவள் நுண்ணுயிரியல் மாணவியான அவள் ஒருத்திதான். புன்னைக்காயல் பக்கம் கடல் வற்றும் நேரம் பார்த்து முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு செருப்பைப் பறிகொடுத்து எடுத்து வந்தது. ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக வளரும். இன்னும் யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம் என்று பேராசிரியர் சொன்னாலும் சொன்னார், பெற்ற பிள்ளையைப் போலச் சுமந்துகொண்டு அலைகிறாள். ஆய்வுக்கூடத்தில் மற்ற தட்டுகளிலெல்லாம் பூஞ்சை ஏறிவிட்டது. தப்பியது இந்த ஒன்றுதான். தீபாவளி விடுமுறையில் கல்லூரியில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

அம்மா ஹாதியாவிடம் மூச்சு விடவில்லை. கிருமி என்று தெரிந்தால் தட்டோடு சாக்கடைக்குப் போய்விடும். கிருமிக்குப் படுக்கையோ அத்தா நாகூர் கனியின் மளிகைக் கடைக் கடல்பாசி. நோன்பு திறக்க வீட்டுக்கு வீடு பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, அல்வாபோல் உறையவைக்கும் அதே சரக்கு. சித்திகா சீனிக்குப் பதில் உப்புப் போடுவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்த 2006இல், கடைசி நோன்பன்று சாயங்காலம் தட்டைக் காணோம்.

"நீ காச்சுன கடல்பாசியா? பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிக்குக் குடுத்துட்டேன். மேல குங்குமப்பூவெல்லாம் தூவி அம்புட்டு அழகா இருந்துச்சு. எம் மக மொதமொதல்ல செஞ்சதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் சித்திகாவுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. ஓடினாள்.

பட்டாசுக் கம்பெனி வேலைக்கு லீவு. முத்துப்பேச்சி வாசலில் உட்கார்ந்து தட்டின் மேல் சீனியைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல தொட்டு நாக்குல வச்சேன் தாயி. ஒரே உப்பு, கருவாட்டு வாடை வேற. ஒனக்கு இன்னும் கைப்பக்குவம் வரலை. அதுக்காக அக்கா குடுத்ததை வீசவா முடியும்?"

"திங்காதீக அத்தை! நான் வேற கொண்டாறேன்."

தட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். எங்கும் சீனி. விளிம்பில் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி மட்டும் தப்பியிருந்தது. சீனி கரைந்து வந்து அதையும் மூடுமுன், வீட்டில் மாற்றாகக் காய்ச்சி வைத்திருக்கும் வெறும் உப்புப் பாசியில் அதைத் தேய்த்துவிட்டால் இனம் பிழைத்துக்கொள்ளும். தலையிலிருந்து ஊக்கை உருவினாள். "ஒரு தீக்குச்சி குடுங்க." வேறு கிருமி ஒட்டாதபடி ஊக்கு நுனியைச் சுட்டு, ஆறவிட்டு, புள்ளியைத் தொட்டு எடுத்தாள்.

"திருஷ்டி கழிக்கியா தாயி?"

"ஆமா அத்தை."

தெருவில் இறங்கும்போது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. "ஏலா, நோன்பைத் திறந்துட்டுப் போ," என்று முத்துப்பேச்சி செம்போடு ஓடி வந்தாள். சித்திகாவின் வலக்கையில் ஊக்கு நிமிர்ந்து நின்றது. இடக்கை அதற்குக் காற்றுப் படாமல் மறைத்திருந்தது. இரண்டையும் இம்மியும் அசைக்காமல், நடுத்தெருவில் நின்று, அண்ணாந்து வாயை மட்டும் திறந்தாள்.