மீன் கடையில் வந்த பேச்சு

பக்கவாதம் வந்தபின் என் கணவருக்குக் கை கால் ஓரளவு தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. மூளையில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இருந்த தொடர்பு அறுந்திருக்கிறது, பேசப் பேசப் புது வழி உண்டாகலாம் என்றார் டாக்டர். தாய்மொழிதான் முதலில் வரும் என்று நானாக முடிவு செய்து, வீட்டில் யாரும் ஹிந்தி பேசக்கூடாது என்று மகளைத் தடுத்தேன். தம்ளரைக் காட்டி, "சொல்லுங்க, தம்ளர்" என்பேன். அவர் உதடு துடிக்கும். கண் கலங்க முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எல்லாரும் ஹிந்தியே பேசும் இந்த அந்தமானுக்கு, போர்ட் பிளேருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருடமாகியும் கடைகளில் நான் வாய் திறந்ததில்லை. அவ்வளவு கூச்சம். ஹிந்தியில் பேசுவதெல்லாம் அவர்தான். இனி நான்தானே பேச வேண்டும்? ஒரு நாள் காலை அவரையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, பத்துபஸ்தியில் எங்கள் வழக்கமான மீன் கடைக்குப் போனேன்.

வங்காளிக் கடைக்காரர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, "பாபி, ஏக்தம் தாஜா!" என்றார். அண்ணி, ரொம்பப் புதுசு என்று அர்த்தம். நான் பேசாமல் தலையாட்டினேன்.

"தாதா, யே தாஜா நஹீ ஹை!"

என் கணவரின் குரல்! அண்ணா, இது புது மீன் இல்லை என்கிறார். செவுளைத் தூக்கி விரலால் வேறு காட்டுகிறார்.

அவருக்குப் பேச்சு போனதை முன்பே கேள்விப்பட்டிருந்த கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பேச்சு வந்ததும் முதல் திட்டு எனக்குத்தானா என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டே நல்ல சூரை மீனாக எடுத்துப் போட்டார். அத்தனை பேர் நடுவில் நான் கூச்சமே இல்லாமல் அழுதேன், சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "உங்கப்பாகிட்ட ஹிந்தியிலயே பேசுடி" என்றேன்.

தமிழ் பிறகு மெல்ல வந்தது. இன்றும் கோபம் வந்தால் அவருக்கு ஹிந்திதான். எந்த மொழியில் வந்தால் என்ன, திரும்பி வந்தது அவர்தானே.