வராத அணி

வராத அணியும் தோற்ற அணியும் ஒன்றா? நான் பள்ளியை முடித்த அந்த வருடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், எனக்குப் பதில் தெரிந்திருக்காது. டோலினாவுக்குத் தெரிந்திருந்தது.

டோலினா மெக்காலே எங்கள் லூயிஸ் தீவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில், ஹாக்கி போன்ற ஷின்டி ஆட்டத்தை ஆடும் எங்கள் அணியின் வேனையும் அவர்தான் ஓட்டுவார். வளைந்த மட்டைகள், நனைந்த காலுறைகள், பையன்களின் சண்டைகள் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் மட்டையைத் தொட்டதே இல்லை. ஆனால் அணியைப் பற்றிய அக்கறை ஆட்டக்காரர்களைவிட அவருக்கு அதிகம்.

முந்தின வருடம் கோப்பைப் போட்டிக்குக் கடல் தாண்டிப் புறப்படும் நாளில் புயல். கப்பல் நகரவில்லை. பத்திரிகையில் ‘வரவில்லை’ என்று மட்டும் போட்டார்கள். இன்னொரு முறை அப்படி ஆனால் கோப்பைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவோம் என்று போட்டிக் குழு சொல்லிவிட்டது. அதனால் இந்த மார்ச்சில் புயல் எச்சரிக்கை வந்ததும், டோலினா எல்லாரையும் வேனோடு வியாழக்கிழமைக் கப்பலிலேயே ஏற்றினார்.

அணித்தலைவன் டார்க்கில் முணுமுணுத்தான். “ஆட்டம் சனிக்கிழம. இப்பவே போயி என்னக்கா பண்றது?”

“மட்டையக் கட்டிப் புடிச்சுத் தூங்கு. ஏறுடா.”

சனிக்கிழமை புயல் எதிரணியின் ஊருக்கும் வந்து சேர்ந்தது. மைதானம் குளமானது. சாலையெங்கும் மரங்கள் விழுந்தன. செவ்வாய் வரை கப்பல் இல்லை என்றார்கள். எதிரணியின் செயலர் ஃபார்க்கர் தங்கள் மன்றக் கூடத்தில் படுக்க இடம் கொடுத்தார். ஆட்டுக்கறி சூப்பை ஊற்றிக்கொண்டே, “நாளைக்குத் தண்ணி வடிஞ்சிரும். மதியம் ஆடிரலாமா?” என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள்; துணிகூடக் காயப்போட மாட்டார்கள். அன்றைக்கு ஆட்டமா என்று கேட்டால், கேட்டவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து எல்லாரும் பேசாமல் இருந்துவிடுவோம். பேசாவிட்டால் இல்லை என்று அர்த்தம். ஃபார்க்கர் ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

ஞாயிறு மதியம் டோலினாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. “எங்கம்மா இருக்கீங்க? நடுவர் விசிலோட நிக்கிறாரு.”

பையன்கள் சர்ச்சுக்குப் போய்வந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் கேட்டு டார்க்கில் எழுந்து நின்றான். “அவரு சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்க்கா.”

“நானுந்தான் நெனச்சேன்.”

வேன் சாவி பையில்தான் இருந்தது. ஆனால் அந்த வேன் ஞாயிற்றுக்கிழமை ஓடியதே இல்லை. டோலினா நடந்தே போனார்.

மைதானத்தில் எதிரணி மட்டைகளோடு நின்றது. ஃபார்க்கருக்குக் கோபம். “நேத்தே வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?”

“எங்க ஊர்ல அந்தக் கேள்விய யாரும் கேக்க மாட்டாங்க. பதில் சொல்லிப் பழக்கமில்ல. தப்பு எங்களுதுதான். நாளைக்கு ஆடலாம்ங்க.”

இரண்டு அணியும் ஒத்துக்கொண்டால் நாளை ஆடலாம், இல்லாவிட்டால் ‘வரவில்லை’ என்று எழுத வேண்டியதுதான் என்றார் நடுவர்.

“நாளைக்கு எங்க பசங்க வேலைக்குப் போவணுமே?” என்றார் ஃபார்க்கர்.

“எங்க போவாங்க? மரமில்லுல கரண்டு இல்ல. ரோடெல்லாம் மரம். நானே இந்த நல்ல பாவாடையோட ஏறிக் குதிச்சுத்தான் வந்தேன்.”

சேறு அப்பிய அவருடைய கால்களைப் பார்த்து ஒரு பையன் சிரித்துவிட்டான். ஃபார்க்கர் தன் ஆட்களிடம் திரும்பினார். “நாளைக்கு யாருக்காவது வேல இருக்கா?”

யாரும் வாய் திறக்கவில்லை.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்? உங்க ஊரு அர்த்தமா, எங்க ஊரு அர்த்தமா?”

“நாளைக்கு ஆடலாம்னு அர்த்தம்” என்றார் டோலினா.

திங்கட்கிழமை ஆடினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்றை அடித்தது டார்க்கில்.

செவ்வாய்க்கிழமை கப்பலில் பையன்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டோலினா மட்டும் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தோத்துட்டோம்க்கா. இதுல என்ன சந்தோஷம்?” என்றான் டார்க்கில்.

“தோத்துட்டோம்னு போட்டிருக்கான்ல, அதான்.”

தீவுக்காரர்கள் ஆட வரமாட்டார்கள் என்று எங்காவது பேச்சு வந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.