பிரிக்பீல்ட்ஸில் உறக்கம், கிள்ளானில் வாக்கு

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்காக மெஸ்மரிசம் பற்றி வாசித்தேன். உடலைத் தொடாமல் கைகளை அசைத்தே நோயாளியை உறங்கவைக்கும் பழைய ஐரோப்பிய வைத்தியம். நோய் தீர்க்கத்தான் தொடங்கினார்கள். ஆனால் உறங்கியவர்கள் பேசினார்கள். முதலில் தங்கள் நோயைப் பற்றி. பிறகு அடுத்தவர் நோயைப் பற்றி. பிறகு, இறந்தவர்களின் குரலில். ஆவிகளுக்கு வாய் கொடுப்பவர்கள் அப்படித்தான் பெருகினார்கள் என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒருவரைக்கூட நேரில் பார்த்திருக்கவில்லை.

கடந்த ஆடியில், ஒரு சனிக்கிழமை, பார்த்தேன்.

தோழி யாமினியின் அண்ணன் சரவணன். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சிறு வயதிலிருந்தே திக்குவாய். கிள்ளானில் அவர்கள் குடும்பம் போகும் முனியாண்டி கோயிலில் ஓராண்டாக அவர்மேல் சாமி வருகிறது. ஆடுகிறது. பேசுவதில்லை. இதை வாய்க்கட்டு என்கிறார்கள். சாமி தன் பெயரைத் தானே சொன்னால் கட்டு அவிழும். அதன் பிறகே வாக்குக் கேட்கலாம். இரண்டு முறை கேட்டாயிற்று. மூன்றாம் முறையும் பெயர் வராவிட்டால், வந்திருப்பது சாமியல்ல, அலையும் ஆவி என்று முடிவுகட்டி, ஊரறிய விரட்டிவிடுவார்கள். மூன்றாம் முறை, அன்று மாலை ஐந்து மணிக்கு.

யாமினியின் திட்டம் எளிமையானது. காலையில் ஹிப்னாடிசத்தில் திக்குவாயைச் சரிசெய்துவிட்டால் மாலையில் சாமி பேசிவிடும். "பைப்புல அடைப்பு இருந்தா தண்ணி எப்டி வரும்?" என்றாள்.

செமினியிலிருந்து காலை எட்டுக்குக் கிளம்பினேன். காஜாங் வரை பஸ், பிறகு ரயில். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ் பத்து நிமிடம். ஹிப்னாடிச நிபுணரின் அறை ஒரு கடைவீட்டின் முதல் மாடி; யாமினியும் சரவணனும் முன்பே வந்திருந்தார்கள். கீழே இசைக்கருவிக் கடை. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு நூற்று எண்பது மலேசிய வெள்ளி.

"கண்ண மூடுங்க பிரதர். பத்துலேர்ந்து கீழ எண்ணுவேன். ரிலேக்ஸ்."

பத்து. ஒன்பது. எட்டு. சரவணன் மரியாதையாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அப்போது கீழே யாரோ ஓர் உருமியை வாங்குவதற்காக வாசித்துப் பார்த்தார்கள். அந்த இழுவை தரைவழியாக ஏறிவந்தது. சரவணனின் முழங்கால்கள் துடித்தன. தலை பின்னால் சாய்ந்தது.

"பாத்தீங்களா? ஏழுலயே போயிட்டாரு!" நிபுணரின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"டாக்டர், அது கீழ உருமி," என்ற யாமினி படியிறங்கி ஓடினாள். "அண்ணே, நிறுத்துங்க லா! மேல சாமி வந்துருச்சு!"

உருமி நின்றது. நாற்காலி ஆடுவதும் நின்றது. திக்கு அப்படியே இருந்தது.

பிற்பகல் கொமுட்டர் ரயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மூன்று வெள்ளி எண்பது காசு. சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா. சரவணன் சன்னல் பக்கம். கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்திருந்தார். நான் ஆய்வேட்டை நினைத்துக்கொண்டு வந்தேன். அதில் பயம் என்ற சொல்லே இல்லை.

கிள்ளான் நிலையத்திலிருந்து கிராப் வாடகைக் கார், ஒன்பது வெள்ளி. தமிழ் ஓட்டுநர்.

"முனியாண்டி கோயிலா? வாக்குக் கேக்கப் போறீங்களா? அங்க சாமி பேசாது தங்கச்சி. ஒருத்தர் ஊமையா ஆடிக்கிட்டு இருக்காரு. சாமிதானான்னே டவுட்டு."

பின்னிருக்கையிலிருந்து சரவணன், மிக மெதுவாக: "அ...அது நா...நான்தாண்ணே."

ஓட்டுநர் வானொலியை அணைத்தார். இறங்கும்போது, "மன்னிச்சுக்க தம்பி," என்று காரை ஓரங்கட்டிவிட்டு அவரும் உள்ளே வந்தார்.

தகரக் கூரை, ஒரு பெரிய அரசமரம், சுருட்டு வாசம். நாற்பது பேர் இருக்கலாம். பூசாரி சிவகாமி அக்கா, வார நாள்களில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்துபவர். உருமி தொடங்கிய சில நிமிடங்களில் சரவணன் இல்லாமல் போனார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதே உடல். அதற்குள் நின்ற எடை வேறு.

அக்கா கையுயர்த்தினார். மேளம் நின்றது.

"வந்துருக்கறது யாரு? பேரச் சொல்லு."

தாடை நடுங்கியது. "மு..." அவ்வளவுதான். "மு... மு..."

பொறுக்கமுடியாமல் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "முனியாண்டி!"

அக்கா திரும்பினார். "ஒன்ன யாருய்யா கேட்டா? அதுக்கு வாய் இருக்கு."

அடுத்தவர் சொன்ன பெயர் செல்லாது. முதலிலிருந்து மறுபடி கேட்டார். மறுபடி அந்த "மு". நாற்பது பேரும் காத்து நின்றோம். ரயிலில் சரவணன் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் யாமினி முடித்தாள், இல்லாவிட்டால் நான் முடித்தேன். இங்கே யாரும் முடிக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல்.

"மு...முனி...யாண்டி."

"திக்குதே. அவனேதான் பேசறான்," என்றது ஒரு குரல்.

"நடிக்கிறவன் திக்காம சொல்லிட்டுப் போயிருப்பான்," என்ற அக்கா கற்பூரம் ஏற்றி அரிவாளை அவர் கையில் கொடுத்தார். கும்பிட்டார்.

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகளைப் பற்றி ஒரு பெண் கேட்டார். மூன்றே சொல் பதில்: கதவைச் சாத்தாதே, வருவாள். சொல்லி முடிக்க ஆறு நிமிடம். எவரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. உறங்கியவர்களின் குரல் மாறும் என்று நான் எழுதியிருந்தேன். இந்தக் குரல் மாறவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அதனால்தான்.

சாமி மலையேறியதும் சரவணன் தண்ணீர் குடித்துவிட்டு யாமினியைக் கேட்டார். "பே...பேசுச்சா?"

"பேசுச்சு."

"எ...எப்டி?"

"ஒன்ன மாதிரியேதாண்ணே."

"அ...அப்ப டாக்டருக்குக் கு...குடுத்தது வேஸ்ட்டா?"

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மாலை நான்கரைக்குள் போய்விடுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். படம் எடுக்காதீர்கள். எலுமிச்சம்பழம் போதும், வேறு காணிக்கை கேட்பதில்லை. ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த சொல் என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எடுத்துக்கொடுக்காதீர்கள்.